சும்மா நிற்கும் வித்தை

பீரங்கிப் படையில் நாலு வருஷம் இருந்துவிட்டு, ஹெலிகாப்டர் ஓட்டப் போகிறேன் என்று மனு எழுதிக் கொடுத்தேன். எங்கள் கமாண்டிங் ஆபீசர் அதை இரண்டு முறை படித்தார். "பீரங்கியில் என்ன குறை?"

குறையைச் சொன்னால் மனு அங்கேயே அடக்கமாகிவிடும். சரித்திரத்தைத் துணைக்குக் கூப்பிட்டேன். "சார், 1986 நவம்பர் 1-ல் ராணுவ விமானப் பிரிவு தனிக்குடித்தனம் போகும் வரை, மேலே பறந்து குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொன்னது நம் பீரங்கி அதிகாரிகள்தானே? நான் கட்சி மாறவில்லை. பங்காளி வீட்டுக்குத்தான் போகிறேன்."

கையெழுத்துப் போட்டார். "பங்காளி வீட்டுத் தூணில் முட்டிக்கொள்ளாதே."

பைலட் திறன் தேர்வு ஆயுளுக்கு ஒரே முறைதான். தவறினால் தவறியதுதான். பெண் பார்க்கிற விஷயத்தில்கூட இந்தக் கண்டிப்பு கிடையாது. கையில் ஒரு குச்சி, காலில் பெடல், திரையில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு புள்ளி. அதை நடுவில் பிடித்து நிறுத்த வேண்டும். இடையில் விளக்கு எரியும், சத்தம் வரும், அவற்றையும் அணைக்க வேண்டும். அடுப்பில் பால், வாசலில் கேஸ்காரர், இடுப்பில் அழும் பிள்ளை என்று தினமும் சமாளிக்கிற என் அக்கா போயிருந்தால் முதல் மார்க் வாங்கியிருப்பாள். நான் எப்படியோ தேறினேன்.

பிறகு மருத்துவச் சோதனை. தொடை நீளத்துக்குக்கூட உச்சவரம்பு உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. தீபாவளி பேண்ட்டுக்கு எங்கள் கோவில்பட்டி டெய்லர் இவ்வளவு அக்கறையாக அளந்ததில்லை.

பயிற்சி நாசிக்கில். நான் பீரங்கி படித்த தேவ்லாலி அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வாழ்க்கையையே மாற்றுகிறேன் பேர்வழி என்று கிளம்பி, பழைய டீக்கடைக்கே வந்து சேர்ந்தேன்.

முதல் வாரம் வாயைத் திறந்தாலே வம்பு. பீரங்கிக்காரனுக்கு ஒரு முழு வட்டம் 6400 மில், பைலட்டுக்கு 360 டிகிரி. "எந்தத் திசையில் போகிறோம்?" என்று ஆசிரியர் கேட்டார். கிழக்கே போய்க்கொண்டிருந்தோம். பழக்க தோஷத்தில் "1600 சார்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நாலு சுற்றுக்கு மேல் வருகிறதே, தலை சுற்றாதா?"

இதெல்லாம் சில்லறை. உண்மையான அவமானம் ஹோவர். தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில், ஒரே இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மைதானம் முழுக்க எனக்கே. வலது கையில் சைக்ளிக் என்ற குச்சி, இடது கையில் கலெக்டிவ் என்ற நெம்புகோல், காலில் பெடல். எங்கள் சீட்டா ஹெலிகாப்டர் பிரெஞ்சு வம்சம்; அதனால் கலெக்டிவைக் கொஞ்சம் தூக்கினால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். வலது பெடலை மிதித்தால் மூக்கு நேராகும், உயரம் மாறும். அதைப் பிடித்தால் வால் கோணும். ஒன்றைச் சரிசெய்தால் மற்ற இரண்டும் கோபித்துக்கொள்ளும். கூட்டுக் குடும்பம்தான்.

முன்னால் இருபது மீட்டர் ஓடினேன், இழுத்தேன், பின்னால் இருபது மீட்டர் வந்தேன். "கண்ட்ரோல் என்னிடம்" என்று வாங்கிக்கொண்டார் ஆசிரியர். அவர் கையில் அது கோயில் யானை மாதிரி நின்றது. "பீரங்கி புத்தி இன்னும் போகவில்லை. இலக்குக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. அங்கே இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது குண்டைப் போடுவீர்கள். இங்கே நடுவில் நீ இருக்க வேண்டும்."

அன்று ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்து, துடைப்பக் கட்டையை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பழகினேன். அறைத்தோழன் கதவைத் திறந்தான், பார்த்தான், மூடிவிட்டான். ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருந்தது ஒன்றுதான்: குச்சியை ஆட்டாதே, ஆட்ட வேண்டும் என்று நினை, போதும். சித்தர் பேச்சு என்றுதான் நினைத்தேன். பிடியைத் தளர்த்தி, உள்ளங்கை வேர்வை காய்ந்த ஒரு காலையில், சீட்டா நின்றது. புல் மட்டும் அலைந்தது. எண்ணிப் பத்து விநாடி.

சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"இன்னைக்கு என்னய்யா பண்ணுன?"

"ஒரே இடத்துல அசையாம நின்னேம்மா."

"பீரங்கியிலயும் அதத்தானய்யா பண்ணிக்கிட்டிருந்த?"