கோர்டினேட்டர் மச்சான்

பல்கலைக்கழகக் குழுவேலை என்று ஐந்து பேரைச் சேர்த்துவிட்டால் ஒருவர் கோட் எழுதுவார், ஒருவர் அழுவார், இரண்டு பேரைக் காணக் கிடைக்காது. மிச்சமிருப்பவர்தான் கோர்டினேட்டர். ஏறாவூர்ச் சந்தியில் வாழைச்சேனை பஸ் ஏறி, செங்கலடி தாண்டி வந்தாறுமூலை வளாகத்தில் இறங்குவதற்குள் அன்றைய வேலையையெல்லாம் போனிலேயே பிரித்துக் கொடுத்துவிடுவார். தனக்கு ஒன்றும் மிஞ்சாதபடி பிரிப்பதில்தான் அவருடைய நேர்த்தி.

வெப் டிசைன் பாடத்துக்கு அவர் முதலில் செய்வது வாட்ஸ்அப் குழு. பெயர், படம், அட்மின் எல்லாம் அவரே. தலைப்பும் அவருடையதுதான்: மருதமுனைக் கைத்தறிச் சாரனும் மட்டக்களப்பு எருமைத் தயிரும் ஒன்லைனில். சட்டித் தயிர் உடையாமல் கொழும்புக்கு எப்படிப் போகும் என்று ஒரு புள்ள கேட்டாள்.

“மறுகா பாப்பம்.”

இதுதான் அவருடைய மென்பொருள் பொறியியல். டேட்டாபேஸ் மறுகா, பாஸ்வேர்ட் மறுகா. உடனே பார்க்க வேண்டியது நிறம் மட்டும். “மச்சான், இந்த நீலம் நம்மட வாவி மாதிரி இருக்கணும்” என்பார். காலையில் சாம்பல், மத்தியானம் பச்சை, மழைக்குப் பிறகு தேத்தண்ணி நிறம். எந்த நேரத்து வாவி என்று கேட்டால் அதுவும் மறுகா.

சும்மா இருந்தார் என்று பழி சொல்லக்கூடாது. ஒருமுறை வேலை செய்தார். ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்கு இரண்டு பக்கம் தமிழில் டைப் பண்ணி அனுப்பினார், பாமினியில். பாமினி பழைய காலத்துக் கெட்டிக்காரத்தனம்: ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் உருவங்களை உட்கார வைத்திருக்கும். அந்த ஃபொன்ட் இல்லாத இடத்தில் வேஷம் கலைந்து ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். தமிழுக்கு யுனிகோட் 1991இலேயே தனி இடம் ஒதுக்கிவிட்டது. செய்தி அவருடைய லெப்டொப்புக்கு இன்னும் வந்து சேரவில்லை. அந்த இரண்டு பக்கத்தையும் யுனிகோடுக்கு மாற்றி, உடைந்த கொம்பு கால்களை ஒட்டவைத்தவனுக்கு விடிந்துவிட்டது. “கன்டன்ட் முழுக்க நான்தான்” என்று அன்று காலையே குழுவில் அறிவித்தார். அதில் பொய்யும் இல்லை.

1913இல் மேக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சுக்காரர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்த கணக்கு வெளியானது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால் ஆளுக்குப் பாதிப் பலம்தான் தேறியதாம். கோர்டினேட்டர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அவர் கயிற்றைத் தொட்டால்தானே! பக்கத்தில் நின்று “இழு, இழு” என்று தொண்டை கிழியக் கத்துகிறவர் அவர். ஆனால் கத்துகிறவன் இல்லாமல் யாரும் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை என்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் செய்த கிட் என்ற கணக்கப்பிள்ளை எந்த வரியை யார் எழுதினார் என்று விடாமல் குறித்து வைக்கும். வைவாவில் சேர் அதைத் திறந்தார். கோர்டினேட்டர் பெயரில் ஒரே ஒரு பதிவு: தன் பெயரின் எழுத்துப் பிழையைத் திருத்தியது.

“இது என்ன தம்பி?”

“சேர், நாங்க பெயார் புரோகிராமிங் செய்த. இவன் டிரைவர், நான் நெவிகேட்டர்.”

அப்படி ஒரு முறை உண்மையிலேயே இருக்கிறது. கென்ட் பெக் 1999இல் புத்தகத்திலேயே எழுதினார், ஒருவர் தட்ட ஒருவர் பக்கத்திலிருந்து பார்ப்பதை. நெவிகேட்டர் ஏறாவூரில் தூங்க, டிரைவர் ஹொஸ்டலில் விழித்திருக்கலாமா என்பதைச் சேர் கேட்கவில்லை. டேட்டாபேஸில் டேபிள் எத்தனை என்று கேட்டார். “நல்ல கேள்வி சேர்” என்ற கோர்டினேட்டர், “இத இவர் விளங்கப்படுத்துவார்” என்று கையை நீட்டினார். அழுகிறவர் எழுந்தார்.

கடைசியில் ஒருவருக்கொருவர் இரகசியமாகப் புள்ளி போடும் படிவம். அதை நிரப்பக் கோர்டினேட்டர் எங்களை ஏறாவூருக்கு, தன் வீட்டுக்கே கூப்பிட்டார். காணாமல் போன இருவரும் வந்திருந்தார்கள். அவருடைய உம்மா இடியப்பமும் கோழிக்கறியும் வைத்தார். வட்டிலப்பம் வந்தபோது பேனாக்கள் வெளியே வந்தன. கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கோர்டினேட்டர் கதவோரம் நின்றார், யாருடைய தாளையும் எட்டிப் பார்க்காமல்.

பங்களிப்பு: ஐந்துக்கு ஐந்து, எல்லாத் தாளிலும். குறிப்பு என்ற இடத்தில் கோட் எழுதியவன் ‘இனிப்பு அளவாக இருந்தது’ என்று எழுதிவிட்டான். பிறகு அதை வெட்டி ‘தலைமைத்துவம்’ என்று போட்டான்.