போலீஸுக்குங்களா, தலைக்குங்களா?

"ஏனுங்ணா, போலீஸுக்குங்களா, தலைக்குங்களா?"

அவிநாசி பைபாஸ் ஓரத்தில் குடை விரித்து, கயிறு கட்டி, வரிசையாக ஹெல்மெட் தொங்கவிட்டிருந்த பையன் கேட்டான். நக்கல் துளியும் இல்லை, தொழில் நேர்மை. போலீஸுக்கு என்றால் 250 ரூபாய், பேரம் பேசினால் 200. தலைக்கு என்றால், "அதுக்கு ஊருக்குள்ள கடைக்குப் போயிருங்ணா" என்று அவனே வழி சொல்லி அனுப்பிவிடுகிறான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவுக்கு இத்தனை சுருக்கமாக உரை எழுதிய வக்கீல் உயர் நீதிமன்றத்தில்கூட இருக்க மாட்டார்.

அந்தப் பிரிவைப் படித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. தலைக்கவசம் அரசு வகுத்த தரத்தில் இருக்க வேண்டும், வாரால் தலையோடு இறுகக் கட்டியிருக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டைச் செய்வதும் விற்பதும் சட்ட விரோதம். அந்த விரோதம் குடை பிடித்து உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் போலீஸ் நின்று வண்டிகளை மறிக்கிறது. 250 ரூபாய்ச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வருகிறவரைப் "போலாம் போலாம்" என்று கையசைக்கிறது. வெறுந்தலையோடு வருகிறவருக்கு 1,000 ரூபாய் ரசீது. லாரிக்காரன் மோதினால் இரண்டு மண்டைக்கும் ஒரே கதிதான். அரசாங்கத்துக்குத் தெரிந்த வித்தியாசமெல்லாம் ரசீதோடு சரி.

இந்தக் கூத்துக்கு வயசாகிவிட்டது. 2007 ஜூன் 1இல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் என்றார்கள். கொஞ்ச நாளில் கெடுபிடி தளர்ந்தது. 2015இல் நீதிபதி என்.கிருபாகரன் போட்ட உத்தரவால் ஜூலை 1இலிருந்து மறுபடியும் கட்டாயம். அந்த ஜூன் கடைசி வாரத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கடைகளில் தட்டுப்பாடு, விலை தாறுமாறு, ரோட்டோரமெல்லாம் திடீர்க் கடை. எட்டு வருசம் முன்னால் போட்ட சட்டத்துக்கு ஒரே வாரத்தில் தலைகள் முளைத்தன. 2019இல் மத்திய அரசு அபராதத்தை 1,000 ரூபாயாக்கி, மூன்று மாதம் லைசென்ஸ் பறிப்பையும் சேர்த்தது. நம் மாநிலம் மூன்று வருசம் யோசித்து, 2022 அக்டோபரில்தான் 100 ரூபாயை 1,000 ஆக்கியது. தலையின் மதிப்பு பத்து மடங்கு கூடிவிட்டதாக யாரும் தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம், கூடியது ரசீது.

இப்போது மாடுலர் ஹெல்மெட் வந்திருக்கிறது. கடைப் பையன்கள் ஃபிளிப்-அப் என்பார்கள். தாடைப் பகுதியை அப்படியே நெற்றிக்கு மேல் தூக்கிவிடலாம்; இறக்கினால் முழு முகமும் மூடிக்கொள்ளும். 1981இல் ஜெர்மனியில் பிஎம்டபிள்யூ கொண்டுவந்த யோசனை. மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு வசதி, பெட்ரோல் பங்கில் முகம் காட்டிப் பேச வசதி. ஜெர்மன்காரன் கொங்கு நாட்டை மனதில் வைத்துச் செய்திருக்க மாட்டான், ஆனால் நமக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் கிடையாது. போலீஸைக் கண்டால் இறக்கு, தாண்டியதும் தூக்கு. வேண்டியபோது வாயைத் திறந்து வேண்டாதபோது பூட்டிக்கொள்ளும் வித்தை நம் எம்.எல்.ஏ.க்களுக்குப் பிறவியிலேயே உண்டு. மற்றவர்களுக்குக் காசு செலவாகிறது.

சேவூர் ரோடு பிரிவில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஸ்கூட்டரில் ஒருத்தர் வருகிறார். காலடியில் பனியன் துணி பண்டல், அதன்மேல் ஒரு குழந்தை நின்றுகொண்டு கண்ணாடித் தண்டைப் பிடித்திருக்கிறது. பின்னால் வீட்டம்மா ஒருச்சாய்த்து உட்கார்ந்திருக்கிறார், தலையில் மல்லிகைப்பூ. இவர் மாடுலர் போட்டிருக்கிறார். தாடை வானத்தைப் பார்த்துத் தூக்கியிருக்கிறது, வார் இரண்டு பக்கமும் ஆடுகிறது. காதுக்கும் ஹெல்மெட் பஞ்சுக்கும் நடுவே செல்போன் செருகியிருக்கிறது. "இதா வந்துட்டனுங், அவிநாசி தாண்டிட்டனுங்" என்கிறார். இன்னும் அவிநாசியைத் தாண்டவே இல்லை. ஒன்பது மாதம் முடிந்து நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கும் ஹெல்மெட் வேண்டும், ஓட்டுகிறவரோடு பிணைக்கும் வார் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2022இல் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. அந்தக் குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்திருந்தார்கள். பாதுகாப்பு ஏற்பாடு அவ்வளவுதான்.

பொருள் வாங்கத் தெரியாத ஜனமா நாம்? காங்கேயம் காளை பிடிக்கப் போனால் சுழி பார்ப்போம், பல்லைப் பிடித்துப் பார்ப்போம், நடக்கவிட்டுப் பார்ப்போம், கடைசியில் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுவோம். நூலை விரலில் நிரடியே இது முப்பதாம் நம்பரா நாற்பதாம் நம்பரா என்று சொல்கிறவர்கள் திருப்பூர் பக்கம் தெருவுக்கு நாலு பேர். ஓடுகிற மோட்டாரின் சத்தத்தை வைத்தே பேரிங் போச்சு என்பார் நம்ம ஊர் விவசாயி. ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பார்த்து மயங்கி, வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கி, கழற்றி மாட்டிப் படித்த ஜி.டி.நாயுடுவின் மண் இது. 2025இல் கோவை அவிநாசி ரோட்டில் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தோம். அந்த வம்சத்து ஆள் ஹெல்மெட் கடைக்குள் நுழைந்ததும் கேட்பது என்ன? "வண்டி கலருக்கு மேட்சா இருக்குதுங்களா?"

கலர் கிடக்கட்டும், கொக்கியைப் பாருங்கள். சாதாரண முழுமுக ஹெல்மெட்டில் தாடை கூட்டோடு சேர்த்தே வார்த்தது. மாடுலரில் அது தனித் துண்டு. கீழே விழுந்தால் உங்கள் பல்லுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் நிற்பது இரண்டு பக்கத்துக் கொக்கிகள்தான். தாடையை இறக்கும்போது இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்ட வேண்டும். மலிவுச் சரக்கில் ஒரு பக்கம் பூட்டும், மறுபக்கம் பூட்டின மாதிரி உட்கார்ந்திருக்கும். பூட்டுவது உலோக முள்ளா, பிளாஸ்டிக் பல்லா என்று விரல் விட்டுத் தடவுங்கள். பிளாஸ்டிக் பல் தினம் இருபது முறை தூக்கி இறக்கினால் தேயாமல் என்ன செய்யும்? ஜெர்மனியின் ஹானோவரில் டீட்மார் ஓட்டே என்பவர் விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டுகளை ஆராய்ந்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடி தாடைப் பகுதியில்தான் விழுந்திருந்தது. ஐரோப்பியத் தரத்தில் தாடைப் பாதுகாப்புக்கென்றே குறி போடுகிறார்கள். 'பி' என்றால் மூடியிருக்கும்போது தாடையைக் காக்கும். 'பி/ஜே' என்றால் மூடியும் திறந்தும் ஓட்டலாம் என்று இரண்டு பரீட்சையும் பாஸ் செய்தது. 'என்பி' என்றால் தாடைப் பட்டை வெறும் அலங்காரம். நம் ஊரில் தாடையைத் தூக்கிவிட்டுப் பறக்கிறவர்களில் எத்தனை பேர் ஹெல்மெட் அந்த இரண்டாவது பரீட்சையை எழுதியிருக்கும்?

ஒரு கடையில் கேட்டே பார்த்தேன். "பி/ஜே இருக்குதுங்களா?"

"எம், எல், எக்ஸ்எல் மட்டுந்தானுங் வருது" என்றார்.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அதுவரை அப்படிக் கேட்டவர் யாருமில்லை. அளவு பார்க்கிறவர்களும் இல்லை. போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் கன்னத் தோலும் ஹெல்மெட்டோடு நகர வேண்டும். வாரைப் பூட்டிவிட்டுப் பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தள்ளினால் கழன்று வரக் கூடாது. நம்மாட்களுக்கு லூசாக வேண்டும், காற்றோட்டமாக. உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒரே ஒருமுறை நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளத்தான் வைத்தது. ஒருமுறை விழுந்து எழுந்த ஹெல்மெட்டைத் துடைத்து மச்சானுக்குக் கொடுப்பதை நாம் உறவு என்று சொல்லிக்கொள்கிறோம்.

மண்டையின் மதிப்பு தெரிந்தவர்களும் உண்டு. 1935 மே மாதம் இங்கிலாந்தில் 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகம் கொண்டாடிய டி.இ.லாரன்ஸ் மோட்டார் சைக்கிளில் விழுந்து மண்டை உடைந்து ஆறாம் நாள் செத்தார். அவரைப் பார்க்க வந்த மூளை அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ் அதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. ராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிச் செத்தவர்களின் கணக்கை எடுத்து, 1941இல் கட்டுரை எழுதி, படையினருக்கு ஹெல்மெட் கட்டாயமாகும்வரை விடவில்லை. ஒரு சாவு அவருக்குப் போதுமாக இருந்தது. நம் மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே அச்சிட்ட கணக்கு இது: 2022இல் ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். அந்த வருசம் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு, 64,105. இத்தனையும் அழகாக அட்டை போட்டு வெளியிட்டார்கள்.

கணக்கு எடுத்த அரசாங்கம் வேறென்ன செய்தது? 2017இல் ஜிஎஸ்டி கொண்டுவந்தபோது தங்க நகைக்கு 3 சதவீதம், ஹெல்மெட்டுக்கு 18 சதவீதம் என்று வரி போட்டது. கழுத்தில் போட்டால் 3, தலையில் போட்டால் 18. மாநிலம் தன் பங்குக்கு 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அம்மா ஸ்கூட்டர் திட்டத்தில் 25,000 ரூபாய் வரை மானியம் கொடுத்தது. வண்டிக்கு மானியம் கொடுக்கத் தெரிந்த கைக்கு, ஒரு உருப்படியான ஹெல்மெட்டுக்கும் சேர்த்துக் கொடுக்க மனசு வந்திருந்தால் ஓட்டு குறைந்தா போயிருக்கும்? 2025 ஜூலையில் நுகர்வோர் துறை ஒரு அறிக்கை விட்டது. நாட்டில் 21 கோடிக்கு மேல் இருசக்கர வண்டி, ஹெல்மெட் செய்ய முறையான உரிமம் வைத்திருப்பவர்கள் 176 பேர். டெல்லியில் ஒன்பது தயாரிப்பாளர்களிடம் 2,500க்கு மேல் போலி ஹெல்மெட்டைப் பிடித்தார்களாம். 21 கோடி வண்டிக்கு 2,500. நம் பைபாஸ் குடைக்காரனே ஒரு நல்ல சீசனில் அதைத் தாண்டி விற்பான் போலிருக்கிறது.

அரசியல்வாதிகள் கதை இன்னும் ருசி. 2019 பிப்ரவரியில் புதுச்சேரியில் துணைநிலை கவர்னர் கிரண் பேடி ரோட்டில் இறங்கி ஹெல்மெட் போடாதவர்களை மறித்தார். முதலமைச்சர் நாராயணசாமி, ஹெல்மெட் கெடுபிடியும் சேர்ந்த கோரிக்கைப் பட்டியலோடு கவர்னர் மாளிகை வாசலில் தர்ணா உட்கார்ந்தார். ஒரு யூனியன் பிரதேசத்தின் முதலமைச்சர் வெயிலில் ரோட்டில் உட்கார அதுவும் ஒரு காரணம்! இங்கே அந்தச் சிரமமும் வேண்டாம். எந்தக் கட்சியின் பைக் பேரணியையும் பாருங்கள். வண்டியில் கொடி, கழுத்தில் துண்டு, தலையில் காற்று. முன்னால் போகும் போலீஸ் ஜீப் வழிவிட்டுக் கொடுக்கும். அன்றைக்கு 129ஆம் பிரிவுக்கு உள்ளூர் விடுமுறை.

நம் அவிநாசிக்கு ஒரு பெருமை உண்டு. குளத்து முதலை விழுங்கிய பிள்ளையை, வருசங்கள் கழித்து வளர்ந்த பிள்ளையாகவே சுந்தரர் பாடி மீட்டுக் கொடுத்த தலம். அந்த முதலை இப்போது குளத்தில் இல்லை. கோயமுத்தூருக்கும் சேலத்துக்கும் நடுவே நெடுஞ்சாலையாகப் படுத்துக் கிடக்கிறது. 2020 பிப்ரவரி 20 விடியலில் இதே அவிநாசி பக்கம் கன்டெய்னர் லாரியும் கேரள அரசுப் பஸ்ஸும் மோதி 19 பேர் செத்தார்கள். இரண்டு மாநிலம் பதறியது. ஒரே விடியலில் 19 பேர் போனால் பதறுவோம். ஒவ்வொருவராகப் போனால், கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்த பையன், தறிக்குப் போன அப்பன், பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா என்று உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி. அதைப் படித்துவிட்டு டீக்கடையில் சொல்கிறோம்: "விதிங்."

விதியாம்! 200 ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கியது யார்? விற்கவிட்டது யார்? அதைத் தலையில் பார்த்துவிட்டுக் கையசைத்தது யார்? அத்தனை பேருக்கும் பேர் இருக்கிறது, பதவி இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. அத்திக்கடவுத் தண்ணீருக்கு அறுபது வருசம் அசராமல் போராடி 2024இல் வாங்கிக் காட்டிய ஜனம் நாம். "குடைக்கடையை எடு, ஐஎஸ்ஐ இல்லாததைப் பறிமுதல் செய், வரியைக் குறை" என்று கலெக்டர் ஆபீஸில் ஒரு திங்கட்கிழமை மனுக் கொடுக்க நமக்கு என்ன கேடு?

மனு ஒரு பக்கம் இருக்கட்டும். அடுத்த முறை மாடுலர் வாங்கப் போனால் ஐஎஸ் 4151 என்ற எண்ணும், ஐஎஸ்ஐ முத்திரையோடு உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். பிறகு தாடையைப் பூட்டி, இரண்டு கையாலும் பிடித்துப் பலமாக இழுங்கள். கடைக்காரர் பதறினால் பதறட்டும். தாடை கையோடு வந்துவிட்டால், அதை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.