மௌனம் காக்கும் உத்தமருக்கு

ஊரில் அடக்கம் அருகிவிட்டது என்று அலுத்துக்கொள்கிறவர்கள், தன் சொந்தக் காரைத் தானே விற்கும் ஒருவரின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஒருமுறை போய்வர வேண்டும். 'சிங்கிள் ஓனர், நீட் வண்டி, எடுத்தா ஓட்டிட்டே போகலாம்' என்பதற்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். மூன்றாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருவதையோ, ஏசி போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுவதையோ சொல்லித் தற்பெருமை கொள்ளும் பழக்கம் அவரிடம் அறவே கிடையாது.

விருந்தோம்பலிலும் அவரை மிஞ்ச ஆளில்லை. பத்து மணிக்கு வருகிறோம் என்று சொல்லியிருந்தால், ஒன்பதரைக்கே வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருப்பார். பானட்டில் கை வைத்தால் அந்த அன்பின் கதகதப்பு தெரியும். ராத்திரி முழுக்க நின்ற என்ஜின் காலையில் முதல் ஸ்டார்ட்டில் விடும் நீலப் புகையும் டப்பட் சத்தமும் வந்தவர் மனதைப் புண்படுத்திவிடக் கூடாதல்லவா? டயருக்குக் கறுப்புப் பாலிஷ், டேஷ்போர்டுக்குப் பளபளப்பு, உள்ளே வாசனை டப்பா இரண்டு. ஒன்று போதாதா என்று கேட்பது அநாகரிகம். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையிலோ சென்னையில் சீட் முங்க நின்ற வண்டிக்கு ஒன்று எப்படிப் போதும்? சந்தேகப் பிராணியாக இருந்தால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். யாரும் இழுக்காத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருக்கலாம். அவர் அதை மறைக்கவில்லை. உள்ளே பத்திரமாகச் சுருட்டித்தான் வைத்திருக்கிறார்.

மீட்டரைப் பாருங்கள். எட்டு வருஷ வண்டி, ஓடியது 42,000 கிலோமீட்டர். கிளட்ச் பெடலின் ரப்பர் மொட்டையாகத் தேய்ந்திருக்கிறது, ஸ்டீயரிங் தோல் கண்ணாடிபோல் வழவழக்கிறது, டிரைவர் சீட் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. இவ்வளவும் வண்டியை நிறுத்தி வைத்தபடியே சாதித்த பொறுமைசாலி அவர். 'கிளெய்மே போனதில்லை' என்கிறார். பாலிசியிலோ நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யம். ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாதவருக்கு 50 சதவீதம் வரை அந்தத் தள்ளுபடி உண்டு. கிடைக்கவேண்டிய தள்ளுபடியைக்கூட வேண்டாம் என்று துறந்துவிட்டார் போலும்.

இப்படிப்பட்ட உத்தமருக்குச் சட்டம் மரியாதை செய்யாமல் இருக்குமா? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17-ஆம் பிரிவில் அவருக்கென்றே ஓர் உதாரணம் எழுதி வைத்திருக்கிறது. காருக்குக் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்க இன்னும் 14 ஆண்டுகள் இருந்ததால் அதில் குதிரை வருகிறது. ஒருவர் ஏலத்தில் குதிரை விற்கிறார். அது நோய்க் குதிரை என்று அவருக்குத் தெரியும். வாங்குபவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இது மோசடி அல்ல. முடிந்தது. பொய் சொல்வதுதான் குற்றம், வாயை மூடிக்கொண்டிருப்பது குணம். அடுத்த உதாரணத்தில் வாங்குபவர் விற்பவரின் மகள், அப்போதுதான் மேஜரானவள். அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லியாக வேண்டுமாம். ஆகவே பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் விற்பவருக்குப் பிள்ளையாகப் பிறந்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் சளைத்ததல்ல. பொருள் விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதன் 16-ஆம் பிரிவு, அந்தப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் தலையில்தான் சுமத்துகிறது. ஆபீஸ் போய்வரும் நம் உத்தமர் ஒரே ஒரு காரை விற்கிறார். அவருக்கு அந்தப் பாரம் இல்லை. பார்த்து வாங்க வேண்டியது நம் பாடு. 14-ஆம் பிரிவு மட்டும் கொஞ்சம் முறைப்பாக நிற்கிறது: விற்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும், நமக்குச் சொல்லாத கடன் எதுவும் வண்டிமேல் இருக்கக் கூடாது. 'ஃபைனான்ஸ் எல்லாம் கட்டியாச்சு, என்ஓசி வரவேண்டியதுதான் பாக்கி' என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போடும் நிதானசாலிகளுக்கு இது ஒரு சின்னத் தொந்தரவு.

நுகர்வோர் ஆணையம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லாமல் புகாரைக் கேட்கும். ஆனால் அது வியாபாரிகளுக்கு எதிரான கதவு. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த வண்டியை விற்றவர் வியாபாரி ஆகமாட்டார். காவல் நிலையம் போனால், புகாரை முழுக்கப் படிக்கும் சிரமம்கூட இல்லாமல் 'இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க' என்று வழி காட்டுவார்கள். கோர்ட்டுக்குப் போகலாம். தமிழ்நாட்டில் கேட்கும் தொகைக்கு 3 சதவீதம் கட்டணம், 3 லட்சத்துக்கு 9,000 ரூபாய். வக்கீல் ஃபீஸ், வாய்தா எல்லாம் தனி. என்ஜினை இறக்கி வேலை பார்ப்பதே மலிவு என்று வாங்கியவரே கணக்குப் போட்டு ஒதுங்கிவிடுவார்.

இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் சில உத்தமர்கள் அவசரப்பட்டு வாயைத் திறந்துவிடுகிறார்கள். அதுதான் வருத்தம். 'ஆக்சிடென்ட் ஆகல, மீட்டர் ஒரிஜினல்' என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார்கள். தெரிந்தே பொய் சொன்னால் அது மௌனம் அல்ல, மோசடி. மீட்டரைத் திருப்பி வைப்பதும் மௌனத்தில் சேராது. உண்மையை வேலை மெனக்கெட்டு மறைப்பது என்று அதே 17-ஆம் பிரிவு அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. அப்போது வாங்கியவர் விற்பனையையே ரத்து செய்து, வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். நஷ்டஈடும் கேட்கலாம். பொய் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருஷம் அவகாசம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு வேறு ஏமாற்றுக் குற்றத்துக்கு ஏழு வருஷம் வரை சிறை என்கிறது. கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டில் 2021-லேயே 90,000 கிலோமீட்டர் என்று பதிவாகியிருந்தால், அந்தக் காகிதத்தையும் வாட்ஸ்அப் செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். 'நல்லா வெச்சிருந்தேன் சார்' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வார்த்தைக்கு எந்த நீதிமன்றமும் விலை போடாது.

இன்னொரு நற்குணத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. பணம் வாங்கியதும் 29, 30-ஆம் எண் படிவங்களில் தேதிகூடப் போடாமல் கையெழுத்திட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிடும் பெருந்தன்மை. விற்ற 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அந்தச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அவருக்கு நேரம் ஏது? இந்த வகையில் அவர் காரைத்தான் விற்கிறார், ஓனர் பட்டத்தைத் தானே வைத்துக்கொள்கிறார். 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பட்டத்தை உறுதி செய்தது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து நடந்த நாளில் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு. முன்பின் பார்க்காத எவனோ ஒருவன் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டி இடித்ததற்கும் தன் சொத்தை ஈடாக வைக்கத் துணிந்த வள்ளலை எப்படிப் பாராட்டுவது?

கடைசியாக அந்த உத்தமரிடமே ஒரு விண்ணப்பம். சார், குதிரைக் கதையில் இன்னொரு உதாரணம் உண்டு. வாங்குபவர், 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்' என்கிறார். விற்பவர் பேசாமல் இருக்கிறார். அந்த இடத்தில் மட்டும் மௌனமும் பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம். சாதாரண அக்கறையோடு பார்த்தாலே தெரிந்துவிடும் கோளாறுக்கு அது உதவாது என்பதால், விவரம் தெரிந்தவர்கள் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். வருகிற ஞாயிறு அப்படி ஒருவர் உங்கள் வீட்டு வாசலில் நின்று, 'என்ஜின், கியர் பாக்ஸ், மீட்டர், வெள்ளம், விபத்து, எதிலும் நீங்கள் மறுப்புச் சொல்லாவிட்டால் குறை இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்' என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். அப்போதும் வழக்கம்போல் மௌனமாகவே இருங்கள், சார்.