முன்பனிக்கால மிதிவண்டிக் குழுவில் கட்டைவிரலின் பங்கு: சிறுவாணிச் சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

மார்கழி மாதம் விடியற்காலை நாலே முக்கால் மணிக்குப் போர்வையை உதறிவிட்டு எழுந்து சைக்கிள் மிதிக்க விரும்பும் மனிதர் கோயமுத்தூரில் ஒருவர்கூட இல்லை. இதுவே இவ்வாய்வின் முதல் முடிபு. முடிபை முதலிலேயே சொல்வது ஆய்வு மரபுக்குப் புறம்பு என்பது தெரியும். ஆய்வுக் கட்டுரையைக் கடைசிவரை படிப்பவர்கள் குறைவு என்பதும் தெரியும்.

ஆனாலும் ஐந்தேகால் மணிக்குச் செல்வபுரம் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் ஏழு பேர் நிற்கிறார்கள். பம்ப்செட் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன், மருந்துக்கடைக்காரர், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், ஐ.டி. தம்பிகள் இருவர், கல்லூரிப் பையன் ஒருவன், இந்த ஆய்வாளர். தனித்தனியாக ஒருவரும் விரும்பாத காரியத்தை ஏழு பேரும் சேர்ந்து செய்வது எப்படி? இதுதான் ஆய்வுச் சிக்கல். தரவுகள் மூன்று மார்கழிகளில் திரட்டப்பட்டவை. நான்காம் மார்கழியில் ஆய்வாளருக்குச் சளி.

கலைச்சொல் விளக்கம் தராமல் மேலே போகக் கூடாது. ‘மிதிவண்டி’ என்பது பாடப்புத்தகத்திலும் அரசாணையிலும் ஓடுவது. ‘சைக்கிள்’ தெருவில் ஓடுவது. விலை முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டால் அதே பொருள் ‘பைக்’ ஆகிவிடுகிறது. மருந்துக்கடைக்காரர் தன்னுடையதை ‘பைக்’ என்றுதான் சொல்வார். அவருடைய அம்மா மட்டும் இன்றுவரை ‘அந்தச் சைக்கிளு’ என்கிறார். அம்மாவிடம் சொல்லப்பட்ட விலை வேறு என்பதால் இதில் முரண்பாடு ஏதும் இல்லை.

அடுத்தது குளிர். மார்கழி, தை விடியலில் எங்கள் ஊர் வெப்பமானி 18 டிகிரியை ஒட்டி நிற்கும். இதைக் குளிர் என்று சொல்லலாமா? அன்டார்க்டிகாவில் ஒரு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை வைத்து, காற்றில் அது எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று பார்த்தார்கள் பால் சைப்பிளும் சார்லஸ் பாசலும். 1945-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கிலிருந்துதான் காற்றடிக்கும்போது குளிர் எவ்வளவு கூடுதலாகத் தெரியும் என்ற அளவீடு வளர்ந்தது. 2001-இல் அமெரிக்காவும் கனடாவும் அதைத் திருத்தி எழுதின. திருத்திய சூத்திரம் 10 டிகிரிக்கு மேலே செல்லாது. ஆகவே உலக அளவுகோலின்படி எங்கள் குளிர் இல்பொருள். அந்த இல்பொருளுக்கு எதிராகத்தான் மங்கி கேப்பும் அதன்மேல் ஹெல்மெட்டும் மாட்டி, கழுத்தில் மப்ளர் சுற்றி, ஏழு பேர் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறோம்.

மெய்யான குளிரில் சைக்கிள் ஓட்டியவர்களும் உண்டு. 1980 ஏப்ரலில் பெல்ஜியத்தில் நடந்த லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ் பந்தயத்தில் பனி கொட்டியது. 174 பேர் கிளம்பி 21 பேர்தான் முடித்தார்கள். பெர்னார் இனோ ஒன்பது நிமிடத்துக்கும் மேலான முன்னிலையில் ஜெயித்தார்; அன்று விரல்களில் ஏறிய குளிரின் வலி பல ஆண்டுகள் அவரை விடவில்லை. எங்கள் குழுவிலும் கோளாறு விரலில்தான். ஆனால் அது முந்தின நாள் இரவே வந்துவிடுகிறது.

இரவு ஒன்பதரை மணி. சாப்பாடு முடிந்து, வயிறு நிறைந்து, உலகத்தின் மேல் ஒரு நல்லெண்ணம் பரவியிருக்கும் நேரம். ஒர்க்‌ஷாப் அண்ணன் வாட்ஸ்அப்பில் போடுகிறார்: ‘நாளைக்கு 5.15. பேரூர், ஆலந்துறை, இருட்டுப்பள்ளம். யாரெல்லாம் வர்றீங்க?’ கட்டைவிரல்கள் உயர்கின்றன. ஒன்று, மூன்று, ஆறு. மருந்துக்கடைக்காரர் மட்டும் கட்டைவிரலோடு ஒரு தசை முறுக்கிய கையையும் சேர்த்து அனுப்புவார். இரவு ஒன்பதரைக்கு விரல் உயர்த்துபவரும் காலை நாலே முக்காலுக்கு அதற்குப் பொறுப்பேற்பவரும் வேறு வேறு ஆட்கள் என்பதே இவ்வாய்வின் கருதுகோள். முன்னவர் தாராளப் பிரபு. பின்னவர் கடன்காரர். நாளைய மனத்தை இன்றைக்கே கட்டிப்போடும் இந்தத் தந்திரத்தைப் பற்றித் தாமஸ் ஷெல்லிங் நிறைய எழுதியிருக்கிறார். 2005-இல் பொருளாதார நோபல் பரிசில் பாதி அவருக்கு வந்தது. எங்கள் அண்ணனுக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை.

உயர்த்திய விரலை மடக்க முடியாதா? முடியும், அதற்கு யாராவது முதலில் மடக்க வேண்டும். போன மார்கழியில் ஒரு நாள், மணி 4.50. போர்வைக்குள்ளிருந்தே குழுவைத் திறந்து பார்த்தேன். ‘மழ வர்ற மாதிரி இருக்குதுங்ளே’ என்று யாராவது போட்டிருக்க மாட்டார்களா என்ற நப்பாசைதான். ஒன்றும் இல்லை. நானே ‘கிளம்பலாங்களா?’ என்று போட்டேன். அதை யாரெல்லாம் படித்தார்கள் என்ற பட்டியலைத் தொட்டேன். படித்தவர் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. மற்ற ஆறு பேரும் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் எழுதவில்லை. ஏழு போர்வைக்குள் ஏழு வெளிச்சச் சதுரங்கள், வானத்தில் மேகம் இல்லை. 4.53-க்கு எழுந்து பல் விளக்கினேன்.

வராதவருக்குப் போன் போடுவதும் ஆய்வு முறையில் ஒன்று. ‘என்னங்ணா, எங்கிருக்கீங்க?’ ‘வந்துட்டேனுங்க, ரெண்டே நிமிசம்.’ இந்த விடையை அப்படியே தரவாக ஏற்கக் கூடாது. பின்னணி ஒலியைக் கவனிக்க வேண்டும். ஃபேன் சத்தம் கேட்டால் ஆள் இன்னும் படுக்கையில்தான். இந்தக் குளிரிலுமா ஃபேன் என்று வெளியூர் அறிஞர்கள் ஐயுறலாம். கொசுவுக்காக ஃபேனைப் போட்டு, ஃபேனுக்காகப் போர்வையைப் போர்த்துவது எங்கள் ஊர் வழக்கம். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் இருபது நிமிடம். நாய் குரைத்தால்தான் ஆள் தெருவுக்கு வந்துவிட்டார் என்று பொருள்.

தொல்காப்பிய நோக்கிலும் இதை அணுகலாம். அணுகாவிட்டால் தமிழில் ஆய்வுக் கட்டுரை என்று ஒப்ப மாட்டார்கள். முன்பனி குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது. வைகறையோ மருதத்துக்குரிய சிறுபொழுது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். விடியற்காலை இருட்டில் ஒருவர் அலமாரியைத் திறந்து கையுறை தேடும் சத்தத்தில் இன்னொருவர் விழித்துக்கொள்ளும் வீடுகளில் எது நடக்கிறது என்பதை அறிந்தவர்கள், இலக்கணத்தின் துல்லியத்தை வியக்காமல் இருக்க மாட்டார்கள். ‘ரேஷன் கடைக்குப் போகச் சொன்னா முட்டி வலி’ என்ற கூற்று ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் பதிவாகியுள்ளது. பேரூரில் நொய்யலும் வயலும் வாழையும் பாக்குமாக மருதத்தில் தொடங்கும் பாதை, மேற்கே போகப்போக மலையடிவாரக் குறிஞ்சியில் முடிகிறது. குறிஞ்சியின் உரிப்பொருளான புணர்தலுக்கு இக்கட்டுரையில் டீக்கடையில் ஒன்றுகூடுதல் என்று மட்டுமே பொருள் கொள்க.

கிளம்பும்போது டயரை அமுக்கிப் பார்த்து, ‘குளுருக்குக் காத்து எறங்கிருச்சுங்க’ என்பார் வங்கி மேலாளர். சாக்கு என்று நினைத்திருந்தோம். கணக்குப் போட்டால் உண்மைதான். மதியம் 30 டிகிரியில் 80 பி.எஸ்.ஐ. அடித்த டயர், விடியலில் 18 டிகிரிக்கு வரும்போது 76-ஐ ஒட்டி இறங்கிவிடும். ஆனால் அவருடைய டயரில் இருப்பது நாற்பது. மீதியை இயற்பியல் விளக்காது.

சிறுவாணிச் சாலையில் அண்ணன் முன்னால், மற்றவர்கள் வரிசையாகப் பின்னால். 2018-இல் பெர்ட் ப்ளோக்கன் குழுவினர் 121 பந்தய வீரர்கள் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தார்கள். கூட்டத்தின் நடுவே பின்பகுதியில் போகிறவருக்கு, தனியாகப் போகும்போது இருக்கும் காற்றுத் தடையில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று கண்டார்கள். எங்கள் அண்ணனின் அகலத்துக்கு 121 பேர் தேவையில்லை என்பது மருந்துக்கடைக்காரரின் கருத்து. ஆனால் பின்னால் போவதில் ஒரு சூது இருக்கிறது. உடல் செலவழிக்கும் ஆற்றலில் பெடலுக்குப் போவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான், மீதி சூடாக வெளியேறுகிறது. முன்னால் மிதிப்பவர் காற்றை வாங்கினாலும் கால் மணி நேரத்தில் வியர்க்கிறார். பின்னால் ஒட்டிக்கொண்டு சொகுசாக வருபவருக்கு மாதம்பட்டி வரை பல் தந்தியடிக்கிறது.

எந்த ஆய்வுக்கும் ஒப்பீட்டுக் குழு ஒன்று வேண்டும். எங்களுக்கு அதைத் தேடி அலையத் தேவையிருக்கவில்லை. பேரூருக்கு முன்பே டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் இருபுறமும் கேன் கட்டிய பால்காரர் எதிரே வந்தார்: மடித்துக் கட்டிய வேட்டி, தலையில் ஒரு துண்டு. பேப்பர் போடும் பையன் கியர் இல்லாத பழைய சைக்கிளில் எங்களை முந்திக்கொண்டு போய், ஒரு வீட்டு மாடிக்குப் பேப்பரை வீசிவிட்டு, மறுபடி எங்களை முந்தினான். கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கியிருந்தது. வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர், ஈரத்தில் வெறுங்காலோடு நிமிர்ந்து எங்கள் மங்கி கேப்பையும் கையுறையையும் மின்னும் சிவப்பு விளக்கையும் பார்த்தார். ‘ஏனுங் கண்ணு, ஒடம்புக்கு ஏதாச்சுமா?’ என்று கேட்டார். அண்ணன் ‘இல்லீங்கம்மா, சும்மாதானுங்க’ என்றார். இவ்வளவு சரியான விடை எங்கள் குழுவில் அதற்கு முன்னும் பின்னும் சொல்லப்பட்டதில்லை.

விடியலைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. டிசம்பர் 21-ஐ ஒட்டிப் பகல் மிகக் குறுகிவிடும், அதற்குப் பிறகு சீக்கிரம் விடியும் என்று நினைக்கிறோம். எங்கள் ஊரில் சூரியன் மிகத் தாமதமாக எழுவது ஜனவரி பிற்பகுதியில், மணி 6.45-ஐத் தாண்டி. குளிரின் உச்சமும் நள்ளிரவில் வருவதில்லை; சூரியன் எழும் வேளையை ஒட்டித்தான் வருகிறது. அதாவது ஐந்தேகாலுக்குக் கிளம்பும் நாங்கள் குளிரிலிருந்து வெயிலை நோக்கிப் போகவில்லை, குறைந்த குளிரிலிருந்து கூடின குளிரை நோக்கிப் போகிறோம். ஊருக்கு இருட்டுப்பள்ளம் என்று பெயர் வைத்தவர் அந்த நேரத்துக்கு அங்கே வந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆலந்துறை தாண்டினால் யானை நடமாடும் பகுதி. வரிசையில் எப்போதும் கடைசியில் வரும் வங்கி மேலாளர் அங்கே நடுவுக்கு வந்துவிடுவார். கல்லூரிப் பையனுக்குத் திடீரென்று செயின் சரி பார்க்க வேண்டியிருக்கும். ப்ளோக்கன் ஆய்வில் இந்தக் காரணி சேர்க்கப்படவில்லை.

டீக்கடையில் கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு வாய் குடித்துவிட்டு வங்கி மேலாளர்தான் ஆரம்பித்தார். ‘நா வர்றதாவே இல்லீங்க. நீங்கெல்லாம் வந்து நிப்பீங்களேன்னுதான் எந்திரிச்சேன்.’ மருந்துக்கடைக்காரர் டம்ளரைப் பார்த்தார். ஐ.டி. தம்பிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் மெதுவாக, ‘நானுந்தானுங்க’ என்றார். கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. பிறகு ஆளுக்கு ஒரு தேங்காய் பன்னும் இன்னொரு டீயும் சொன்னோம். மிதித்து எரித்தது அந்த இடத்திலேயே ஈடுகட்டப்பட்டது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். போன தை மாதம் மாதம்பட்டி தாண்டி ஒருவருக்குப் பஞ்சரானபோது என்னிடம் வாங்கிய மஞ்சள் நிற டயர் லீவர் இரண்டும் இன்னும் திரும்பி வரவில்லை. யாரிடம் இருக்கிறது என்பது ஆய்வாளருக்குத் தெரியும். நாளைக்கு 5.15-க்கு வரும்போது எடுத்து வந்துவிடுங்கள். விரல் உயர்த்தியிருக்கிறீர்கள்.