தையலுக்கு நாலு வருஷமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த மகள், சென்னை நிஃப்ட் கல்லூரியில் ஃபேஷன் டிசைன்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். 'தையலுக்கு நாலு வருஷமா? தெருமுனை டெய்லர் ஆறு மாசத்தில் சொல்லித் தருவாரே' என்கிறார் என் கணவர். நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: முதலில் உங்கள் கணவரின் சட்டைக் காலரைத் திருப்பிப் பாருங்கள். ரெடிமேட் என்றால் வழக்கு அங்கேயே தள்ளுபடி! அந்தக் காலர் எத்தனை அகலம், எந்தத் துணி, என்ன விலை என்று முடிவு செய்தவர் தெருமுனையில் இல்லை.

1995இல் தொடங்கிய, தரமணியில் இருக்கும் அந்தக் கல்லூரி, மத்திய ஜவுளி அமைச்சகத்தைச் சேர்ந்தது. உள்ளே போனதும் கேட்வாக் என்று மகள் கனவு காண வேண்டாம். நெருங்கிய சிநேகிதி, தலையில்லாத ஒரு பொம்மை. அதன்மேல் சாயமேற்றாத காடாத்துணியைப் போர்த்தி, குண்டூசி குத்தி, மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். பிடிக்காவிட்டால் பிரித்துவிட்டு மறுபடியும் குத்த வேண்டும். பிறகுதான் அது காகிதத்தில் பேட்டர்ன் ஆகும். நெசவு ஊர்களுக்கும் அனுப்புவார்கள். தறிக்காரரிடம் இரண்டு நாள் பேசினால் பாதிப் பாடம் முடிந்தது.

நுழைவுத் தேர்வோடு விடமாட்டார்கள். அட்டை, கம்பி என்று கொடுத்து, குறித்த நேரத்துக்குள் ஒரு மாதிரியும் செய்யச் சொல்வார்கள். அரசுக் கல்லூரிதானே என்று பர்ஸைத் தளர்த்திவிடாதீர்கள். நாலு வருஷக் கட்டணம் பத்து லட்சத்தைத் தாண்டும்.

மகள் பக்கமே நில்லுங்கள். ஆனால், இந்த லீவில் அவளைத் தெருமுனை டெய்லரிடமும் அனுப்புங்கள். மெஷின் மிதிக்கத் தெரிந்தவளுக்குத் தையல் பாடம் சுலபம். உங்கள் கணவருக்கும் கௌரவம் மிஞ்சும்.