வஞ்சிர வெள்ளி

தவக்காலம் வந்துவிட்டால் எனக்குள்ளிருந்து ஒரு நீதிபதி எழுந்து உட்கார்ந்துகொள்வார். யாருக்கு ஒருசந்தி நோன்பு, யாருக்கு இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனம், முட்டை ஆகுமா, பால் ஆகுமா என்று வீட்டில் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தீர்ப்பு வரும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1252ஆம் விதி எனக்கு மனப்பாடம்: 14 வயது நிரம்பியவர்களுக்குத்தான் இறைச்சித் தடை. மீனுக்குத் தடையே இல்லை. இந்த மீன் விஷயத்தில் என் பக்தி அலாதியானது. வெள்ளி மதியம் வஞ்சிர வறுவலில் இரண்டு துண்டு கூடுதலாகப் போட்டுக்கொண்டு, ஆட்டுக்கறியைத் துறந்த முகத்தோடு சாப்பிடுவேன். "இது கறி விலைக்குக் குறைஞ்சதா?" என்பாள் மனைவி. சட்டத்தில் விலையைப் பற்றி ஒன்றும் இல்லை.

2025இல் ரம்ஜான் நோன்பு மார்ச் 2இல் தொடங்கியது. சாம்பல் புதன் மார்ச் 5. எங்கள் தெருவில் இரண்டு நோன்பும் ஒன்றாக நடந்தன. ஒரு வெள்ளி மாலை பக்கத்து வீட்டு பாய் மகள் தூக்குவாளியோடு வந்தாள்.

"அங்கிள், அம்மா நோன்புக் கஞ்சி குடுத்துவிட்டாங்க."

மூடியைத் திறக்காமலே கொத்துக்கறி வாசனையைப் பிடித்துவிட்டேன். "இன்னிக்கு எங்களுக்குச் சுத்தபோசனம்மா. வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிடு."

பகலெல்லாம் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத பிள்ளை, பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருக்கையில் வாளியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனது. என் முதுகுக்குப் பின்னால் 9 வயது மகன் நின்றிருந்தான். என் 1252ஆம் விதிப்படி அவன் அந்த வாளியையே காலி செய்திருக்கலாம்.

அன்று மாலையே சிலுவைப்பாதை. சிலுவையைச் சுமக்க சீமோன் கைகொடுக்கும் ஐந்தாம் நிலையில், பின்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. திரும்பி முறைத்தேன். தாய் எழுந்து வெளியே போனாள். அவள் கையிலிருந்த பையையாவது வாங்கிக்கொண்டிருக்கலாம். நானோ முழங்கால் வலியைப் பொறுத்துப் பதினான்கு நிலைகளையும் குறைவின்றி முடித்தேன்.

ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில், மறதியாய் ஒரு வெள்ளியன்று தின்ற சிக்கன் பப்ஸைத் தழுதழுத்துச் சொன்னேன். கஞ்சியும் குழந்தையும் ஞாபகத்துக்கே வரவில்லை. புதினாவிலும் சீரகத்திலும்கூடப் பத்தில் ஒன்றை அளந்து கொடுத்துவிட்டு இரக்கத்தை விட்டவர்களை இயேசு கடிந்துகொள்ளும் பகுதி மத்தேயு 23இல் உண்டு. பூசையில் அதை வாசிக்கும்போதெல்லாம், எங்கள் பங்கில் இது யாருக்குப் பொருந்தும் என்று சுற்றுமுற்றும் பார்ப்பது என் வழக்கம்.

இறால் பற்றி ஒரு சந்தேகம் வந்து அண்மையில் சட்டத் தொகுப்பை மறுபடி எடுத்தேன். இறைச்சித் தவிர்ப்புக்குப் பதிலாக, முழுமையாகவோ பகுதியாகவோ, அன்புப் பணிகளை ஆயர் பேரவை ஏற்படுத்தலாம் என்கிறது 1253ஆம் விதி. இத்தனை காலமும் நான் அதற்கு முந்தைய விதியோடு புத்தகத்தை மூடியிருக்கிறேன்.

உங்கள் வாசலுக்கு வெள்ளிக்கிழமை கஞ்சி வந்தால் முதலில் வாளியை வாங்கிக்கொள்ளுங்கள். சட்டத்தை அப்புறம் பேசலாம். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் சட்டமும் உங்கள் பக்கம்தான்.