நின்னு பேசினா வேலை நடந்திருமால?

ஏல தம்பி, ‘எங்க கம்பெனியில எல்லாம் அஜைல்தான் தாத்தா’ன்னு நெஞ்ச நிமித்திச் சொல்லுதே. சந்தோசம். அது என்னன்னு தெரியுமால? தெனம் காலையில வட்டமா நின்னு பேசுததுதான் அஜைலுன்னு நெனச்சிட்டியோ?

கேட்டுக்க. முன்னெல்லாம் மென்பொருள் செய்யணும்னா, என்ன வேணும்னு மொதல்ல மொத்தமா எழுதணும். அப்பறம் வடிவமைப்பு. அப்பறம் கோடு. கடைசியிலதான் சோதனை. பின்னால இதுக்கு வாட்டர்ஃபால்னு பேரு வச்சாவ. 1970-ல வின்ஸ்டன் ராய்ஸ்ங்கிறவரு இதப் படம் போட்டுக் காட்டி, ‘இப்படியே செஞ்சா ஆபத்து’ன்னு அங்கனயே எழுதியும் வச்சாரு. எவன் படிச்சான்? படத்த மட்டும் பாத்துட்டுக் கெளம்பிட்டாவ. வருசக்கணக்கா உழைச்சுக் குடுத்தா, ‘நான் கேட்டது இது இல்லியே’ம்பான் வாங்குதவன்.

2001 பிப்ரவரியில, அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல, ஸ்நோபேர்டுன்னு பனிச்சறுக்கு ஆடுத எடத்துல, இதுக்கு மாத்துவழி தேடி 17 பேரு கூடுனாவ. கென்ட் பெக், மார்ட்டின் ஃபௌலர், ஜெஃப் சதர்லேண்டுன்னு எல்லாம் தொழில் தெரிஞ்ச ஆளுவ. அஜைல்னு பேரு வச்சு அவுக எழுதுன சங்கதி எம்புட்டுங்கே? நாலுதான். முறையையும் கருவியையும் விட மனுசரும் அவுக பேச்சும் பெருசு. கட்டுக்கட்டா ஆவணத்த விட, ஓடுத மென்பொருள் பெருசு. ஒப்பந்தத்தக் காட்டி மல்லுக்கட்டுதத விட, வாங்குதவனப் பக்கத்துல வச்சுக்கிட்டு வேலை பாரு. போட்ட திட்டத்துலயே தொங்காம, நெலம மாறினா நீயும் மாறு. ஆவணமே வேண்டாம்னு அவுக சொல்லல. சோம்பேறிப்பய அப்படிப் படிச்சுக்கிட்டான்!

சுருக்கமாச் சொன்னா, கொஞ்சம் செய், காட்டு, திருத்து, மறுபடி செய். இதுக்கு எதுக்குல இத்தன சடங்கு?

அஜைல்ல ஒரு வகையான ஸ்க்ரமுக்கு வழிகாட்டின்னு ஒண்ணு வச்சிருக்கீயளே, அதப் பொரட்டியாவது பாத்தியா? தெனம் 15 நிமிசம் கூடிப் பேசணும்னு இருக்கு. நிக்கணும்னு ஒரு எழுத்து கெடையாது. வேலை எம்புட்டுப் பெருசுன்னு போடுத ஸ்டோரி பாயிண்டும் அதுல இல்ல. நீங்க என்னடான்னா 1, 2, 3, 5, 8, 13-ன்னு சீட்ட விரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீய. நாலு என்னல பாவம் பண்ணிச்சு? சரி, போன மாசம் 3 போட்ட வேலைக்கு இந்த மாசம் 5 போட்டுட்டு, டீம் வேகம் கூடிருச்சுன்னு மேனேஜர் கைதட்டுதாரு. மரக்கால வெட்டிச் சின்னதாக்கிட்டு மகசூல் கூடிருச்சுங்கிறவனுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

ரெட்ரோன்னு கூட்டம் போட்டு, கலர் சீட்டுல கொறைய எழுதிச் செவுத்துல ஒட்டுதீய. போன தடவ மஞ்சச் சீட்டு, இந்தத் தடவ ரோஸ் சீட்டு. கொற என்னமோ அதேதான். ரெண்டு நாள் வகுப்புல ஒக்காந்தவன் ஸ்க்ரம் மாஸ்டர்னு சான்றிதழோட வந்து, இருவது வருசம் கோடு எழுதுனவனுக்குப் பாடம் எடுக்கான். அந்த 17 பேருல ஒருத்தரு டேவ் தாமஸ். அவரே 2014-ல, அஜைல் செத்துப்போச்சு, வியாபாரமாயிருச்சுன்னு எழுதிட்டாரு. ராய்ஸ் கதைதான் மறுபடியும். படத்தப் புடிச்சுக்கிட்டு, சேதிய விட்டுட்டாவ.

சரி, நீ ஒண்ணு செய்யி. ஸ்பிரிண்டுங்கிற ஒரு சுத்து வேலை முடியுத அன்னைக்கு ஒரே ஒரு கேள்வி கேளு: ‘நாம செஞ்சத, பயன்படுத்தப் போறவன் ஒருத்தனாவது தொட்டுப் பாத்தானா?’ ஆமான்னா, அதுக்கு எந்தப் பேரு வச்சா என்ன? இல்லன்னா, நீங்க நின்னு பேசி என்ன, படுத்துப் பேசி என்ன?

இதக் கேக்க சான்றிதழ் தேவையில்ல. மேனேஜர் மூஞ்சப் பாக்காமக் கேக்குத தைரியம் இருந்தாப் போதும்.